ராமேஸ்வரமா, யாழ்ப்பாணமா, அந்தமானா? சின்னப் பிள்ளைகளோடு வண்டியில் தீவு சுற்ற வடசென்னையிலிருந்து எது தோது

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகவே வீடு இருந்தாலும், நம் பிள்ளைகளுக்குக் கால் நனைக்க மணல் இல்லை. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே இருந்து நகர்ந்து வரும் மணல் மெரினா பக்கமே தங்கிவிட்டது. வடக்கே கரை அரித்துப் போய், கருங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ விடுமுறைக்குத் தீவு என்று பேச்சு வந்தால், முதலில் கேட்க வேண்டியது அங்கே கடல் முழங்காலளவில் எத்தனை தூரம் நிற்கும் என்பது. இரண்டாவது, பிள்ளை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சீட்டில் கட்டுண்டு கிடக்க வேண்டும். மூன்றாவது, "அம்மா, உச்சா" என்றதும் வண்டியை ஓரங்கட்ட முடியுமா. ஏழு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த மூன்றுக்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்லாருக்கும் பாஸ்போர்ட் இருந்தால் யாழ்ப்பாணம். இல்லாவிட்டால் ராமேஸ்வரம், அதிலும் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் போக வர ரயில், அங்கே வாடகைக் கார். அந்தமான் அருமையான இடம், ஆனால் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு சாலை வழியாகச் சுற்றும் இடம் இல்லை.

எந்த விடுமுறை என்பதுதான் பாதி முடிவு

பள்ளி விடுமுறையை நாம் நகர்த்த முடியாது, காற்றையும் நகர்த்த முடியாது. ராமேஸ்வரத்தில் வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் அடங்கிக் கிடக்கும். அக்டோபருக்கு மேல் வடகிழக்குக் காற்று வந்ததும் நிலைமை தலைகீழ். ஆகவே முழு ஆண்டு விடுமுறைக்கும் காலாண்டு விடுமுறைக்கும் வடக்குக் கரையில் பிள்ளைகளை இறக்கலாம். வெயில்தான் எதிரி. காலை ஒன்பதரைக்குள் கடலை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கும் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதனால் அரையாண்டு விடுமுறைக்கு ராமேஸ்வரம், யாழ்ப்பாணம் இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் நன்றாக இருப்பது இலங்கையின் தெற்குக் கரை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து காலி வரை எக்ஸ்பிரஸ்வேயிலேயே போய்விடலாம், சுமார் இரண்டரை மணி நேரம். உணவட்டுன வளைகுடாவும், மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேனவும் பிள்ளைகளுக்குத் தோதான ஆழம். பொல்ஹேனவில் பவளப்பாறை அலையை வெளியே தடுத்துவிடுவதால் உள்ளே குளம்போல நிற்கும். பொங்கல் விடுமுறையை இரண்டு நாள் லீவு போட்டு நீட்ட முடிந்தால் ராமேஸ்வரம் மறுபடி கணக்கில் வந்துவிடும். வெயில் இளசு, கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் பூநாரைகளும் நிற்கக்கூடும்.

ராமேஸ்வரம்: தீவு சின்னது, வழி பெரியது

பாம்பன் பாலத்திலிருந்து அரிச்சல்முனை வரை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான். தீவுக்குள் எங்கே போனாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. சங்கடம், அந்தத் தீவுக்குப் போய்ச் சேருவது. வடசென்னையிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை, தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக ஏறக்குறைய 590 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் போனால் ஒரே மூச்சில் முடிக்கலாம். பிள்ளைகளோடு இது இரண்டு நாள் வழி, திருச்சியில் இரவு தங்கல். போக வர 1,200, உள்ளூரில் 150 என்று வைத்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 90 லிட்டர் பெட்ரோல். சுங்கம் தனி.

ஊரை விட்டு வெளியேறுவதில்தான் பலர் இரண்டு மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள். மணலி, மீஞ்சூர் பக்கத்துக்காரர்களுக்கு மீஞ்சூரிலிருந்து வண்டலூர் போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை சரி. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்கள் அதற்காக வடக்கே ஏறிப்போவது வீண். விடிகாலை நான்கு மணிக்குள் கிளம்பினால் ராஜாஜி சாலை, கடற்கரைச் சாலை, கிண்டி என்று நேரே ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துவிடலாம். மாதவரம், வியாசர்பாடிக்காரர்களுக்குப் புழல் பைபாஸ். வெளிவட்டச் சாலையில் இருட்டில் போனால் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்களைக் கவனியுங்கள். இடது ஓர லேனைத் தவிர்ப்பது நல்லது. விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில் மட்டும் கிளம்பவே வேண்டாம். கிளாம்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை வண்டி ஊரும், பிள்ளை முதல் மணி நேரத்திலேயே சலித்துவிடும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொன்றும் இருபது நிமிடம், இறக்கி ஓட விட வேண்டும். இரண்டாம் நாளில் திருமயம் கோட்டை அதற்கென்றே அமைந்த இடம். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்பது சட்டம். அபராதத்தை விடுங்கள், மடியில் வைத்த குழந்தையை 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடிக்கும்போது எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கிளம்பும் முன் இட்லி மட்டும், கையில் போன் கூடாது, ஜன்னல் வழியாக முன்னே பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் போடும் அவோமின் மாத்திரையை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. மற்றவர்களுக்கும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இத்தனையும் தலைவலி என்றால் ரயில். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள்ளேயே போகிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் பாலத்தின் மேல் கண் விழிக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், ஆனால் முழுக் கட்டணம் கொடுத்துப் படுக்கை வாங்கிவிடுங்கள். ஒரே பெர்த்தில் இரண்டு பேர் படுத்தால் யாருக்கும் தூக்கம் இல்லை.

காரில் போகிறவர்கள் சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். நிறுத்தக் கூடாது என்ற விதி இருக்கிறது, காற்றும் பிள்ளையைத் தள்ளும். ரயில் பாலத்தைப் பாம்பன் ஊர்ப் பக்கம் இறங்கி நின்று காட்டலாம். கப்பல் போக 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே தூக்கும். 1914-இல் திறந்த பழைய பாலம் இரண்டு கைகளாகத் திறந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் கேள்வி கேட்க விஷயம் இருக்கும்.

குளிக்க அரியமான் கடற்கரை. அது பாலத்துக்கு முன்னாலேயே, உச்சிப்புளியில் திரும்ப வேண்டும். வடக்குக் கடல், மெல்லிய மணல், சவுக்குத் தோப்பு நிழல். தனுஷ்கோடியில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலும் முட்டும் அரிச்சல்முனையில் அடியில் இழுப்பு பலம், மேலே பார்த்தால் தெரியாது. அங்கே பார்க்கத்தான் போக வேண்டும், அதுவும் காலை ஏழு மணிக்கு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சர்ச் சுவர், ஸ்டேஷன் இடிபாடு, அதைத் தாண்டி முனை. நிழல் கிடையாது, பங்க் கிடையாது, கழிப்பறையை நம்ப முடியாது. ஐந்து லிட்டர் தண்ணீரும் பிள்ளைகளுக்கான மடக்குக் கழிப்பு இருக்கையும் டிக்கியில் இருக்கட்டும்.

முனையில் வண்டியை நிறுத்தும்போது முகப்பைக் காற்றுக்கு எதிரே வையுங்கள். பின்காற்று அடித்தால் கதவைத் திறந்த மாத்திரத்தில் பிடுங்கிக்கொண்டு போகும், பக்கக்காற்று திறந்த கதவைத் திருப்பி அறைந்து சாத்தும். பிள்ளைகளின் விரல் நசுங்குவது அப்படித்தான். கதவைப் பெரியவர் ஒருவர் வெளியே நின்று பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறக்க வேண்டும். தார் ரோட்டை விட்டு மணலில் இறக்காதீர்கள். சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புதையும். டயர் முன்னால் மணலைக் கையால் வாரிவிட்டு, காற்றை 18–20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, மிதியடியைக் கீழே கொடுத்து மெதுவாக எடுங்கள். ரோட்டுக்கு வந்ததும் 12 வோல்ட் பம்பால் காற்றை நிரப்பிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஊர் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள், உப்பு தின்றுவிடும்.

கோயிலில் 22 தீர்த்தமும் ஆட சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கூட்ட நாளில் இரண்டு மணி நேரமாவது பிடிக்கும், கல் தரை முழுக்க ஈரம், வழுக்கி விழுந்தால் பின்மண்டைதான் அடிபடும். ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடவும் மாட்டார்கள். பெரியவர்கள் முறை வைத்து ஆடிவிட்டு வரலாம். அதுவரை பிள்ளைகள் மூன்றாம் பிரகாரத்தின் ஈரமில்லாத பக்கத்தில் தூண் எண்ணட்டும்.

யாழ்ப்பாணம்: வெளிநாடு, ஆனாலும் கிட்ட

சென்னையிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கலாம். பலாலியிலிருந்து யாழ்ப்பாணம் டவுன் அரை மணி நேரம். பிள்ளை சீட்டில் உட்காரும் மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், ராமேஸ்வரம் போகும் வழியில் விழுப்புரம் தாண்டுவதற்குள் இங்கே அறைக்குள் போய்விடலாம். விம்கோ நகரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ மெட்ரோ ஏறினால் மாறாமல் நேரே விமான நிலையம். அதிகாலை விமானத்துக்கு மட்டும் டாக்சி.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிச் சாலைகள் வழியாகத் தீவு தீவாக வண்டியிலேயே போகலாம். எந்தப் பயணமும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. பொன்னாலைத் தாம்போதி வழியே காரைநகர், அங்கே கசூரினா கடற்கரை. தூரம் வரை ஆழமே இல்லை, மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்து விளையாடலாம். இந்த மூன்று தீவுப் பயணங்களிலும் சின்னவர்களுக்கு ஏற்ற கடல் இதுதான். பண்ணைப் பாலம் வழியே வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகு சுமார் 20 நிமிடம். படகின் உள்ளே டீசல் வாடை, பிள்ளைகளை வெளிக்காற்றுப் படும் இடத்தில் உட்கார வையுங்கள். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் அங்கே கிடைக்கும் என்று நம்பாமல் சொந்தமாக எடுத்துப் போங்கள். நெடுந்தீவுக் குதிரைகள் ஆசை காட்டும், ஆனால் படகில் ஒரு மணி நேரம் ஆகும். ஐந்து வயதுக்கு மேல்தான்.

சாப்பாட்டில் இங்கே கவலையே இல்லை. காலையில் இடியப்பமும் காரமில்லாத தேங்காய்ப்பால் சொதியும் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். கறி மட்டும் நம் ஊரை விட உறைக்கும், தனியே வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கடையிலும் டாக்டரிடமும் தமிழிலேயே பேசலாம் என்பது நடுராத்திரியில் காய்ச்சல் வரும்போதுதான் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சொந்தக் கார் போகாது. நம் பக்கம் போலவே இடதுபுறம்தான் ஓட்டம் என்றாலும், சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது, அங்கேயும் ஒப்புதல் வாங்க வேண்டும். சில நாளுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. டிரைவரோடு கார் பேசுங்கள், ஆறு பேருக்கு மேல் என்றால் அங்கே கே.டி.எச். என்று சொல்லும் பெரிய வேன். பேசும்போது நான்கு கேள்வி: பின்வரிசைப் பெல்ட் வேலை செய்கிறதா (போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்), ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், டிரைவர் தங்குவதும் சாப்பாடும் யார் செலவு, பின்னால் ஏ.சி. உண்டா. குழந்தை இருக்கையை வீட்டிலிருந்தே எடுத்துப்போவது உத்தமம்.

இங்கே பலரும் செய்யும் பிழை, வந்ததுதான் வந்தோம் என்று கண்டி, நுவரெலியா, சிகிரியா எல்லாவற்றையும் ஐந்து நாளில் அடைப்பது. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வளைவுகளில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் அடித்த டிட்வா புயலில் மலைநாட்டுச் சாலைகளும் ரயில் பாதையும் பலமாகச் சேதமாயின, போகும் முன் வழி நிலவரம் கேட்க வேண்டும். சிகிரியா சுமார் 1,200 படி, தூக்கிக்கொண்டு ஏறுவது யாருக்கும் ஆகாது. ஏழு நாள் இருந்தால் யாழ்ப்பாணத்தோடு திருகோணமலையைச் சேர்க்கலாம், ஐந்து மணி நேர வழி. மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளிக் கடல் அமைதி. அந்தப் பக்கம் யானை சாலைக்கு வரும், மாலை ஆறுக்கு மேல் ஓட வேண்டாம் என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செலவில் ராமேஸ்வரம்தான் மலிவு, அதில் சந்தேகமில்லை. இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு விமானத்தில் தனி இருக்கை, கட்டணமும் பெரியவர்களுக்கு நெருங்கி வரும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் நான்கு மணி நேரத்தில் போகும், ஆனால் நாகை வரை தனிப் பயணம், கடல் கெட்டால் ரத்து.

அந்தமான்

கப்பல் கிளம்புவது நம் ராயபுரத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்துதான் என்பதால் ஆசை வரும். கிட்டத்தட்ட 60 மணி நேரம், சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இறங்கியபின் பாராட்டாங் போகும் டிரங்க் சாலையில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, அணிவகுப்பாகத்தான் வண்டிகளை விடுவார்கள். ஜாரவா மக்களின் காப்பகம் என்பதால் நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இரண்டும் நியாயமான விதிகள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் "உச்சா" என்றாலும் வண்டி நிற்காது. ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்குக்குப் படகுதான், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதில் பெரியவர்களுக்கே குடல் புரட்டும். போவதானால் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள், பிள்ளைக்கு எட்டு வயது ஆன பிறகு. கிளிஞ்சல், பவளம் எதையும் பையில் போட விடாதீர்கள், சட்ட விரோதம், விமான நிலையத்தில் பிரித்து எடுத்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணம் என்று முடிவெடுத்தால் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், இலங்கைக்குள் நுழைய ஆன்லைனில் வாங்கும் தனி ஈ.டி.ஏ. அனுமதி. சிறுவர் பாஸ்போர்ட்டுக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதத்தோடு அனெக்சர் டி படிவம் வேண்டும். அந்தப் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் காலாவதியாகும், பயண நாளில் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும். மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே தேதியைப் பார்த்துவிடுங்கள்.