ஏ.ஆர்.டி. மையமும் அறுபது வயதும்: ஒரு சேவை மதிப்பீடு

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து தரும் மையத்துக்கு, அறுபதைக் கடந்த என் பெரியம்மாவுக்குத் துணையாகப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எச்.ஐ.வி.யுடன் முதுமையை எட்டியவர்களுக்கு அதன் சேவை எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மருந்து வழங்குவதில் குறை சொல்ல இடமே இல்லை. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது தாம்பரம் உள்ளிட்ட சில இடங்களில் மட்டுமே கிடைத்தது, இன்று பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ ஒரு பேருந்துப் பயணத்தில் கிடைக்கிறது. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. மருந்தாளுநர் பழைய டப்பாவைத் தட்டில் கவிழ்த்து மீதியை இரண்டிரண்டாக எண்ணுவார். ஒன்று கூடுதலாக இருந்தாலும், "என்னைக்கும்மா விட்டுப் போச்சு?" என்று தணிந்த குரலில் கேட்பார். அந்தக் கேள்வியில் அதட்டல் இருக்காது. பெரியம்மாவின் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருப்பதில் அவருக்கும் பங்குண்டு.

ஆனால் வைரஸ் அடங்கினாலும் உடலுக்குள் மெல்லிய அழற்சி தொடர்வதால், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, எலும்புத் தேய்மானம் ஆகியவை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. ஆரம்ப ஆண்டுகளில் ஸ்டாவுடின் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கன்னம் ஒட்டியதும் பாதம் மரத்துப்போனதும் இன்னும் மாறவில்லை. எச்.ஐ.வி. உள்ள 40 முதல் 75 வயது வரையிலானோருக்குப் பிடாவாஸ்டாடின் என்னும் கொழுப்பு குறைக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்ததாக 2023இல் தெரிவித்தது. நாங்கள் செல்லும் மையத்தில் இதயத்தைப் பற்றி இதுவரை யாரும் பெரியம்மாவிடம் பேசியதில்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது சர்க்கரை மாத்திரை விஷயம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. பெரியம்மாவுக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. கொண்டுவரும் பெண்ணுக்கு இன்னொரு மாத்திரை இருப்பது தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் பெரியம்மா சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் மெட்பார்மின் என்னும் சர்க்கரை மருந்தின் அளவு கூடும் என்பதால், அதை நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வதே வழக்கம். இதை மையத்தில் யாரும் கேட்டறியவில்லை. வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச்சென்று மருத்துவரின் மேசைமேல் வைத்த பிறகுதான் அவர் அளவைத் திருத்தி எழுதினார். மற்ற நோய்களுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு வருகையிலும் கேட்டிருந்தால் போதும்.

மூட்டு வலியும் அப்படித்தான் கைவிடப்படுகிறது. நம் பகுதி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். அதனால் எலும்பு, மூட்டு என்றாலே 'தண்ணிக் கோளாறு' என்று அனுப்பிவிடுகிறார்கள். டெனோபோவிர் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடிய மருந்து என்பதால், மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லி முடித்துக்கொள்வது சரியல்ல.

ரத்தப் பரிசோதனைக்கு வேறு கட்டடம், வேறு வரிசை. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அந்தப் படிகள் பெரும்பாடு. முதியவர்களுக்கு மட்டுமாவது மையத்திலேயே ரத்தம் எடுக்கலாம்.

மாத்திரைக்கும் ஆலோசனைக்கும் இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஐம்பதைக் கடந்தவர்கள் எல்லா மாத்திரை அட்டைகளையும் உடன் கொண்டுசெல்லுங்கள். சிறுநீரகம், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அல்சருக்குக் குடிக்கும் ஜெலுசில் வகை மருந்தும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், அந்த மாத்திரையைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தே அதைக் குடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.