4,600 வெள்ளி போச்சு. செகண்ட் ஹேண்ட் ஒமேகா வாட்ச் வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

4,600 சிங்கப்பூர் வெள்ளி. இன்னிக்கு மத்தியானம் சர்வீஸ் சென்டரை விட்டு வெளிய வந்ததுல இருந்து இந்த நம்பர்தான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. சிங்கப்பூர்ல பழைய பிராண்டட் வாட்ச் வாங்கலாம்னு யாராவது நினைச்சிட்டு இருந்தா காசை எடுக்கிறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிடுங்க, என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

கடை பேர் போடல. பேர் போட்டா அவதூறுன்னு நம்ம மேலயே திருப்பிடுவானுங்க. சிட்டி பக்கம் ஒரு பழைய ஷாப்பிங் சென்டர், மாடியில கண்ணாடி அலமாரி போட்டு பழைய வாட்ச், ஹேண்ட்பேக் விக்கிற கடை. அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்.

அம்மாவுக்கு அறுபது வயசு ஆகுது. முப்பது வருஷத்துக்கு மேல அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். வார்டுல கையைக் கழுவிக்கிட்டே இருக்கணும், அதனால மணிக்கட்டுல வாட்ச் கட்ட விடமாட்டாங்க, யூனிபார்ம்ல குத்திக்கிற தொங்கு வாட்ச்தான். அம்மா கூட வேலை பாத்த பழைய சீனியர் நர்ஸ் ஒருத்தங்க டூட்டி முடிஞ்சதும் பைக்குள்ள இருந்து ஒரு ஒமேகா கான்ஸ்டலேஷன் எடுத்துக் கட்டிக்கிட்டுப் போவாங்களாம், அதை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. வேணும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் குடுக்கலாம்னு நானும் தங்கச்சியும் பேசி வெச்சுக்கிட்டு ஆளுக்குப் பாதியா சேத்த காசு அது.

கடையில இருந்தவரு நம்ம ஆளு. "வாங்கக்கா, உக்காருங்க, யாருக்கு பாக்குறீங்க?"ன்னு தமிழ்லயே ஆரம்பிச்சாரு. அம்மாவுக்குன்னு சொன்னேன், நர்ஸா இருந்தாங்கன்னும் சொன்னேன். "அப்படியாக்கா, எங்க அம்மாவும் ஆஸ்பத்திரியிலதான் அட்டெண்டரா இருந்தாங்க, அம்மாவுக்கு வாங்குறப்ப நான் லாபம் பாக்க மாட்டேன்"னாரு. அப்புறம் ஒரு துணியை விரிச்சு அது மேல அந்த வாட்சை வெச்சு கதை சொல்ல ஆரம்பிச்சாரு பாருங்க, முக்கால் மணி நேரம் இருக்கும்.

இந்த கம்பெனி 1848ல லூயி பிராண்ட்னு ஒருத்தர் சுவிட்சர்லாந்துல லா ஷோ-டி-ஃபோன்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சது, அவரோட பிள்ளைங்க 1880ல பியேன் ஊருக்கு மாத்திட்டாங்க, 1894ல அவங்க செஞ்ச, வாட்சுக்குள்ள ஓடுற ஒரு மிஷினுக்கு ஒமேகான்னு பேர் வெச்சாங்க, அது அவ்வளவு நல்லா ஓடினதால 1903ல கம்பெனி பேரே அதுவாயிடுச்சு. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல நேரம் எடுத்தது இவங்கதான். 1952ல கான்ஸ்டலேஷன் வந்துச்சு, 1955ல பொம்பளைங்களுக்குன்னே தானா சாவி ஏறுற லேடிமேட்டிக் கொண்டு வந்தாங்க. இப்ப நம்ம பாக்குற உருவம் 1982ல வந்த மன்ஹாட்டன் மாடல்ல இருந்து வந்தது. மூணு மணி பக்கம் ரெண்டு, ஒன்பது மணி பக்கம் ரெண்டுன்னு நாலு நகம் மாதிரி பிடிச்சிருக்கும் இல்ல, அது முதல்ல அழகுக்கு வெச்சது இல்லையாம், கண்ணாடியையும் அதுக்குக் கீழ தண்ணி புகாம இருக்க வெக்கிற வளையத்தையும் (கேஸ்கெட்) அழுத்திப் பிடிச்சு தண்ணி உள்ள போகாம பாத்துக்கிறதுக்காம். வாட்சைத் திருப்பி பின்மூடியில இருக்கிற வானாய்வுக்கூடத்தையும் அதுக்கு மேல எட்டு நட்சத்திரத்தையும் நகத்தால தொட்டுத் தொட்டுக் காட்டினாரு, துல்லியப் போட்டியில எல்லாம் ஜெயிச்சதுக்கு அடையாளம்க்கான்னாரு.

அன்னிக்கு ராத்திரியே வீட்டுல உக்காந்து தேடிப் பாத்தேன். ஒண்ணு கூட பொய் இல்ல. வருஷம் உட்பட அத்தனையும் சரி. இதுதான் எனக்கு இப்ப வயிறு எரியுது. கம்பெனியோட கதை உண்மை, கையில குடுத்த பொருள் பொய். அந்த நூத்தம்பது வருஷத்துக்கும் மேலான கதைக்கும் அந்தத் துணி மேல இருந்த வாட்சுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, ஆனா சம்பந்தம் இருக்குன்னு நம்ப வைக்கிறதுக்காகவே அந்த ஆள் அதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்.

மறுநாள் போய் வாங்கினோம். பெசல்ல, அதாவது கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வளையத்துல, சுத்தி வைரம் வெச்ச மாடல், ஸ்டீலும் தங்கமும் கலந்தது, செகண்ட் முள் இல்லாத, பேட்டரியில ஓடுற குவார்ட்ஸ். "கார்டுன்னா மூணு பர்சென்ட் கூட ஆகும்க்கா, பேநவ் பண்ணிடுங்க"ன்னாரு, அது போன்லயே பேங்க்ல இருந்து நேரா அனுப்புறது, 4,600 வெள்ளியும் ஒரே தடவையில போச்சு. சிவப்பு டப்பா குடுத்தாரு. வாரண்டி கார்டு எங்கன்னு கேட்டதுக்கு "ஓனர் வீடு மாறிட்டு இருக்காங்க, கிடைச்சதும் வாட்ஸ்அப்ல அனுப்புறேன்க்கா"ன்னாரு. ரெசிட்ல "லேடீஸ் வாட்ச், 1"ன்னு மட்டும்தான் இருந்துச்சு, மாடல் நம்பரும் இல்ல, சீரியல் நம்பரும் இல்ல.

பிறந்தநாள் அன்னிக்கு அம்மா அதைக் கட்டிக்கிட்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வந்தாங்க. அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது புடவை முந்தானை நூல் ஒண்ணு பெசல்ல மாட்டி அப்படியே இழுத்துடுச்சு. குனிஞ்சு பாத்தா ஒரு கல்லோட பிடி மேல தூக்கிட்டு நின்னுச்சு. புதுப் பட்டுப்புடவை. அம்மா "பரவால்லடி"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நாள்ல வாட்ச் பின்தங்க ஆரம்பிச்சு, ஒரு நாள் நின்னே போச்சு.

இதுக்கப்புறம்தான் கூத்து. போன் பண்ணா "பேட்டரியா இருக்கும்க்கா, வெளிய மாத்திக்குங்க." கல் பிடி தூக்கியிருக்கேன்னா "பழைய பொருள்னா அப்படித்தான்க்கா, சொல்லித்தானே குடுத்தேன்." எங்க சொன்ன? நேர்ல போனா அந்த ஆள் இல்ல, இன்னொரு பையன் போனைப் பாத்துக்கிட்டே "பாஸ் ஹாங்காங் போயிருக்காரு" அப்படிங்குறான். வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டா நீல டிக் விழும், பதில் வராது. கேக்கும்போதெல்லாம் அக்கா அக்கான்னு உருகினவன் இப்ப "மேடம், ப்ளீஸ் ரெஃபர் டு அவர் பாலிசி"ன்னு இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி அனுப்புறான். எங்க அம்மாவை வெச்சு சிரிச்சுப் பேசின அதே வாய்.

சரின்னு இன்னிக்கு ஒமேகா சர்வீஸ் சென்டருக்கே எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்தவரு ரொம்ப மரியாதையா, ரொம்ப நிதானமா சொன்னாரு, அதுதான் இன்னும் வலிச்சுது. பின்மூடி நிஜம், கேஸ் நிஜம், செயின்ல பாதி நிஜம். உள்ள இருக்கிறது வேற. அந்த மாடல்ல 1456ன்னு நம்பர் போட்ட ஒமேகா மிஷின் இருக்கணும், இதுல பேரே இல்லாத ஒரு சின்ன மிஷினை வெச்சு ஆடாம இருக்க சுத்தி வெள்ளை பிளாஸ்டிக் வளையம் போட்டு இறுக்கியிருக்காங்க. டயல் மறுபடி பெயிண்ட் அடிச்சது. லென்ஸை என் கையில குடுத்து ஆறு மணிக்கு மேல இருக்கிற நட்சத்திரத்தைப் பாக்கச் சொன்னாரு, ஒரு பக்கம் சாஞ்சு, அடியில பசை மஞ்சளா வழிஞ்சு காஞ்சு கிடக்கு. வைரம் எல்லாம் பின்னாடி எவனோ சாதா பெசல்ல ஓட்டை போட்டுப் பதிச்சது, ஓட்டை கூட ஒரே அளவா இல்ல. ஒமேகாவோடது இல்லாத பாகம் கலந்திருக்கிறதால சர்வீஸுக்கு எடுக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்தாரு. அந்தத் தாள் இப்ப என்கிட்ட இருக்கு.

இந்த மாதிரி ஒட்டுப் போட்ட வாட்சை ஃபிராங்கன் வாட்ச்னு சொல்றாங்க. 2021ல ஜெனீவா ஏலத்துல 30 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல போன ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டரே பல வாட்சோட உதிரிகளைச் சேத்து ஒட்டினதுன்னு 2023ல ஒமேகா கம்பெனியே சொன்னாங்க. அவ்வளவு பெரிய ஆளுங்களையே ஏமாத்துறானுங்கன்னா கடைக்கு வர்ற சாதாரண ஜனங்க என்ன பண்ணுவோம்?

தாளைப் படம் எடுத்து அனுப்பினேன், உடனே போன் வந்துச்சு பாருங்க, ஹாங்காங் போன பாஸ் பத்து நிமிஷத்துல கூப்பிடுறாரு. "அது கன்சைன்மென்ட் பொருள் மேடம், நாங்க வெச்சு வித்துக் குடுத்தோம், அவ்வளவுதான். ஓனரைத்தான் கேக்கணும்." ஓனர் யாரு? "பிரைவசி, சொல்லக் கூடாது." 4,600 வெள்ளி யார் அக்கவுண்டுக்குப் போச்சுன்னு கேட்டேன், லைனைக் கட் பண்ணிட்டாரு. பேநவ்ல வந்த பேர் கடைப் பேர்தான், ஸ்கிரீன்ஷாட் வெச்சிருக்கேன்.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ரிப்பேருக்குக் குடுத்திருக்கோம்னு சொல்லி வெச்சிருக்கோம்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப உக்காந்து எழுத முடியல, முக்கியமானதை மட்டும் போடுறேன். காசு குடுக்கிறதுக்கு முன்னாடி பின்மூடியைத் திறந்து மிஷினைக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா எந்திரிச்சு வந்துடுங்க. மாடல் நம்பர், சீரியல் நம்பர் ரெண்டும் ரெசிட்ல எழுதி வாங்குங்க, கன்சைன்மென்ட்டான்னு முதல்லயே கேட்டு அதையும் எழுதச் சொல்லுங்க. கார்டு அப்புறம் வரும், பேப்பர் அப்புறம் வரும்னா வாங்காதீங்க. பெசல்ல வைரம் இருந்தா ரெண்டு மடங்கு சந்தேகப்படுங்க. பேநவ் வேணாம், மூணு பர்சென்ட் போனாப் போகுது, கிரெடிட் கார்டுல குடுங்க, பேங்க்கிட்ட திருப்பிக் கேக்கவாவது ஒரு வழி இருக்கும்.

கவுண்டர்ல "வித்த பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது"ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா பயந்துடாதீங்க, 2012ல இருந்து இங்க லெமன் லா (குறையுள்ள பொருளை வித்தா கடைக்காரனைப் பொறுப்பாக்குற சட்டம்) இருக்கு, கடையில வாங்கின பழைய பொருளுக்கும் செல்லும், ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வாங்கும்போதே இருந்ததுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு காட்ட வேண்டியது கடைக்காரன். ஆனா தனி ஆள்கிட்ட வாங்கினா இது செல்லாது, அவனுங்க கன்சைன்மென்ட்னு நழுவுறதே இதுக்காகத்தான்னு எனக்குத் தோணுது. சின்னத் தொகை வழக்குகளைப் பாக்குற ஸ்மால் கிளைம்ஸ் மன்றத்துல 20,000 வெள்ளி வரைக்கும் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் தேவையில்ல. நான் நாளைக்குக் காலையில போடுறேன். இதே மாதிரி மாடிக் கடையில ஏமாந்தவங்க யாராவது இருந்தா ரெசிட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க.