எந்தக் கன்டெய்னர்: 20 அடியா, 40 அடியா, ஹை கியூபா?

திருப்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் பனியன் சரக்கையே எடுத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டி 60 × 40 × 40 செ.மீ., அதாவது 0.096 சிபிஎம் (கன மீட்டர்). 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 சிபிஎம். வகுத்தால் 343 பெட்டி வரும். அந்தக் கணக்கை நம்பி சரக்கை வாங்கும் பையருக்கு மெயில் தட்டிவிடாதீர்கள்.

உள்ளளவு நீளம் 5.90 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. பெட்டிகளைப் படுக்கையாக, 60 செ.மீ. பக்கம் குறுக்கே இருக்க மூன்று வரிசை (14 × 3), நெடுக்கே இருக்க ஒரு வரிசை (9) என அடுக்கினால் தட்டுக்கு, அதாவது ஓர் அடுக்குக்கு, 51. ஐந்து தட்டுக்கு 255, அவ்வளவுதான். ஆறாவது தட்டுக்கு 2.40 வேண்டும், ஒரு செ.மீ. இடிக்கிறது!

40 அடியில் நீளம் 12.03. தட்டுக்கு 110, மொத்தம் 550. இருபதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஏனென்றால் கடைசியில் வீணாகும் இடம் இதில் குறைவு. ஹை கியூப் என்பது உயரம் கூடிய 40 அடி கன்டெய்னர்; அதில் உயரம் 2.69. கூடுதலாகக் கிடைப்பது 30 செ.மீ.தான், ஆனால் அதில் முழுசாக ஒரு தட்டு ஏறி 660 ஆகிறது. இந்தப் பெட்டிக்கு என் ஓட்டு ஹை கியூபுக்கே.

அது கிடைக்காத வாரத்தில் பெட்டியின் உயரத்தை 37 செ.மீ.யாகக் குறைத்துப் பாருங்கள். சாதா 40 அடியிலேயே ஆறு தட்டு, அதே 660. பெட்டிக்குள் துணி கொஞ்சம் குறையும், ஆனாலும் மொத்தத்தில் 11 சதவீதம் கூடுதலாகப் போகும். 39 போதாதா என்றால், போதாது. ஆறு தட்டு 2.34 ஆகிவிடும், கதவுத் திறப்பின் உயரம் 2.28தான். கடைசி வரிசையின் மேல்பெட்டி வாசலில் முட்டும்.

இன்னொன்று, துணி அடைத்த பெட்டி உப்பும். பெட்டிக்கு 1 செ.மீ. உப்பினாலே, 40 அடியின் நீளத்தில் நிற்கும் 30 பெட்டிக்கு 30 செ.மீ.; ஒரு வரிசை போச்சு. பேக்கிங் லிஸ்ட் அளவை விட்டுவிட்டு, நிரப்பி டேப் ஒட்டிய பெட்டியை அளந்து கணக்குப் போடுங்கள்.

கிரானைட் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். 20 அடியோ 40 அடியோ, ஏற்றக்கூடிய எடை ஏறக்குறைய 26, 28 டன்தான். பத்து சிபிஎம் கல்லே அந்த எடையைத் தொட்டுவிடும். 20 அடி போதும்.