பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்கித் தருகிறேன் என்று வார்டு ஆள் வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்து முடித்துவிட்டார்களா? அப்படியென்றால் அடுத்த சில வாரங்களில் யாராவது வீடு வீடாக வந்து, "இணைப்பை நானே முடித்துத் தருகிறேன்" என்பார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் கவுன்சிலரின் கணவர். நான் அவரிடம் 28,000 ரூபாய் கொடுத்தேன், ஏலச்சீட்டு எடுத்த பணம். இன்றுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. பணம் போனதை விடப் பெரிய தொல்லை அதன் பிறகுதான் வந்தது.

அவரை ஏன் நம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 அக்டோபரில் பழைய கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் எங்களுக்குக் கவுன்சிலரே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான் நிர்வாகம் பார்த்தார். தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் சொல்வது என்று தெரியாது. 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஆறு ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு பெண் வருகிறாள், தண்ணீர் சாக்கடைக் கஷ்டம் அவளுக்குத் தெரியும் என்று நானே என் தையல் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் வாக்குக் கேட்டேன். யாரும் எனக்குக் காசு தரவில்லை. மனதாரச் செய்தேன்.

ஜெயித்த பிறகு அந்தப் பெண்ணை நாங்கள் பார்த்தது குறைவு. குழாய் உடைந்தால் வருவது கணவர், மனு வாங்குவது கணவர், ஒப்பந்தக்காரரிடம் பேசுவதும் கணவர்தான். தெருவில் எல்லாரும் அவரைத்தான் "கவுன்சிலர்" என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அடுத்த வருடம் ஆடி மாதம் அவர் வீட்டுக்கு வந்தார். "டெபாசிட், ரோடு வெட்டுற காசு, பைப்பு, கூலி எல்லாம் சேர்த்து 28,000 அக்கா. நீங்க நேரா ஆபீஸ் போனா ஆறு மாசம் இழுப்பாங்க" என்றார். செப்டிக் டேங்க் லாரிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து அலுத்துப் போயிருந்தேன். போனில் அனுப்பட்டுமா என்று கேட்டேன், ரொக்கமாகவே வேண்டும் என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ரசீது கேட்டதற்கு, மொத்தமாகப் போட்டு வாங்கித் தருகிறேன் என்றார். நான்கு நாள் கழித்து, இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு ஆட்கள் வந்து பள்ளம் தோண்டிக் குழாயைச் சேர்த்து மூடிவிட்டுப் போனார்கள். விடிந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. இரண்டாம் நாள் காலையில் குளியலறைத் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. நாற்றம் சொல்லி முடியாது. என் மாமியாருக்கு எண்பது வயது, அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பி வீட்டில் விட்டோம். தண்ணீர் வடிந்ததும் உதவிப் பொறியாளரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. என் வீட்டுக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்க்கவே இல்லை. தெருவோரம் இருக்கும் மழைநீர் வடிகாலில் ஓட்டை போட்டுச் செருகியிருந்தார்கள். அதற்கும் வாட்டம் சரியில்லை. வடிகால் நிறைந்ததும் தண்ணீர் நேராக வீட்டுக்குள் திரும்பிவிட்டது. நான்கு மாதமாக என் வீட்டுக் கழிவு மழைநீர் வடிகாலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே.

அப்புறம் நோட்டீஸ் வந்தது, என் பெயருக்கு. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் விட்டதற்கு அபராதம், குழாயை உடனே அடைக்க வேண்டும் என்று. தவறு செய்தவர் பெயர் அதில் எங்கும் இல்லை.

கவுன்சிலரை நேரில் பார்க்கப் போனேன். வாசலுக்கு வந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா, அவரையே கேளுங்க" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்காக வாக்குக் கேட்டவள் நான். அந்த வாசலில் நின்றபோது வந்த அழுகையை இன்னும் மறக்கவில்லை. கணவரோ, "குழாய் போட்டுக் கொடுத்தேன்ல, வேற என்ன வேணும்?" என்றார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டேன், எங்கள் தெருவில் இணைப்புக்கு டெபாசிட் கட்டிய கதவு எண்கள் எவை என்று. முப்பது நாளுக்குள் பதில் வந்தது. என் கதவு எண் இல்லை. அவரிடம் பணம் கொடுத்த இன்னும் நான்கு வீட்டு எண்களும் இல்லை. என் வீட்டுப் பரப்புக்கு உண்மையான டெபாசிட் 10,000 ரூபாய்தான், அதையும் தவணையாகக் கட்டலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இதை முதல் நாளே போய்க் கேட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கவுன்சிலருக்குக் கட்டணமோ வரியோ கையில் வாங்கும் அதிகாரம் கிடையாது. அவர் கணவருக்கோ அண்ணனுக்கோ கட்சியின் வட்டச் செயலாளருக்கோ சட்டத்தில் எந்த இடமுமே கிடையாது. மாநகராட்சிப் பணத்தை வசூல் மையத்திலோ இணையத்திலோதான் கட்ட வேண்டும். உங்கள் பெயரும் கதவு எண்ணும் உள்ள ரசீது உடனே கையில் வர வேண்டும்.

புகார் கொடுக்கும் முன் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "கட்டணம் என்று பொய் சொல்லி வாங்கியிருந்தால் மோசடி, காவல் நிலையத்தில் கொடுங்கள். ஆனால் வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கொடுத்தேன் என்றால் அது லஞ்சமாகிவிடும்" என்றார். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். வற்புறுத்தலால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம். நான் போனது நான்கு மாதத்துக்கும் மேல் கழித்து. யாராவது கேட்டு நச்சரிக்கும்போதே, கொடுப்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். மோசடிப் புகாராக எழுதிக் கொடுத்தேன், மனு ரசீது தந்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பெண்களுக்கு ஒதுக்கீடு வேண்டாம் என்று பேசாதீர்கள். பக்கத்து வார்டிலும் பெண் கவுன்சிலர்தான். குழி தோண்டும் இடத்தில் அவரே நின்று வேலை வாங்குகிறார், போன் செய்தால் அவரே எடுக்கிறார். தேர்தல் நேரத்தில் எங்கள் வார்டில் நாங்கள் வேட்பாளரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் கைகூப்பி நின்றார், பேசியதெல்லாம் கணவர். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபா, அதாவது வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம், கூட்டியபோதும் நான் போகவில்லை, கடையில் தீபாவளிக்குப் பிறகும் தைக்க வேண்டியது கிடந்தது. போயிருந்தால் இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கலாம். 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றவர்களின் ஐந்து வருடம் முடியும்போது திரும்பவும் வருவார்கள். அப்போது வேட்பாளரை மட்டும் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இப்படிப் பணம் கொடுத்துக் குழாய் போட்டவர்கள், அடுத்த மழைக்கு முன் உங்கள் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். சாலையில் உள்ள மூடியை நீங்களே திறக்காதீர்கள், உள்ளே விஷவாயு இருக்கும். உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்து ஆட்களை வரவழையுங்கள். குளியலறையில் ஒரு வாளி சாயத் தண்ணீரை ஊற்றினால் அது எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும். அவரிடம் பணம் கொடுத்த அந்த நான்கு வீடுகளிலும் அப்படித்தான் பார்த்தோம். மூன்று வீட்டுத் தண்ணீர் வடிகாலில்தான் வந்தது.