அம்பாசிடருக்கு எஞ்சின் மாற்றப் போகிறீர்களா? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

அப்பாவின் 1984 அம்பாசிடர், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவுக்கே கல்யாண வண்டி. பழைய 1,489 சிசி எஞ்சின் புகை தள்ள ஆரம்பித்தது. 1,817 சிசி இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் போட்டு, சஸ்பென்ஷனையும் புதிதாக்கலாம் என்று பாலக்காடு பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். பேசியது 1,60,000 ரூபாய். மூன்று வாரம் என்றார்கள், நான்கு மாதம் ஆனது. அதைக்கூட விடுங்கள்.

வண்டி வந்த அன்று எஞ்சின் சத்தமே தெரியவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். "ஓட ஓட செட் ஆயிடும்ணா" என்றார் மேஸ்திரி. நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

பொள்ளாச்சியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் குழியில் இறங்கிப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். புது கியர் பெட்டிக்கு ஏற்ப புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு) வெட்டி ஒட்டியிருந்தார்கள். வெட்டியது தப்பில்லை. ஒட்டும்போது இரண்டு முனையிலும் கிராஸை (சிலுவை மாதிரி இருக்கிற இணைப்புத் துண்டு) பிடிக்கிற கவைகள் ஒரே நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் நடுங்கும். என் வண்டியில் ஒன்று கட்டைவிரல் அகலம் திரும்பி நின்றது. சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாயாதபடி பேலன்ஸ் செய்தால் சின்னத் தகடு ஏதாவது ஒட்டியிருக்கும் என்று தடவிப் பார்த்தார். கையில் தட்டுப்பட்டது கட்டி கட்டியாக வெல்டிங் மட்டும்தான். பில்லில் 'ஷாஃப்ட் பேலன்சிங் 2,500' என்று இருக்கிறது!

முன்பக்க டார்ஷன் பார்கள் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்கிற கம்பிகள்) வருடக்கணக்காக ஒரே பக்கம் முறுக்கி வேலை செய்தவை. அந்தந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய அவற்றை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். பின்னால் 'புது' ஸ்பிரிங் பட்டையை நகத்தால் கீறினால் கறுப்பு பெயிண்டுக்கு அடியில் துரு.

சரி, இதெல்லாம் காசு போட்டால் தீரும். பேப்பர்தான் தீரவில்லை. எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், புது எஞ்சினின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றவர்கள், எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. எஞ்சினின் பில், அதைக் கழற்றிய வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் கைக்கு வராமல் அட்வான்ஸே கொடுக்காதீர்கள். சித்தூர் ஆபீசுக்கு (ஆந்திராவில் இருப்பது இல்லை, எங்கள் சித்தூர்) மூன்று தடவை போய்விட்டேன். வெறுங்கையோடு என்ன பேசுவது?

அப்புறம்தான் உறைத்தது, ஆர்.சி.யில் உள்ள எண் பழைய எஞ்சினில் இருக்கிறதே என்று. அதையாவது கொடுங்கள், திருப்பி மாட்டிக்கொள்கிறேன் என்று போன் செய்தேன்.

எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.