சோலோ போறதுக்கு பார்ட் 61 நல்லதா, பார்ட் 141 நல்லதா?

அமெரிக்கால வேலை பார்த்துக்கிட்டே வாரக்கடைசில ஃப்ளையிங் கத்துக்கலாம்னு இறங்கறவங்க எல்லாரும் முதல்ல வந்து நிக்கற இடம் இது. சோலோன்னா இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியா பறக்கறது. பார்ட் 61, பார்ட் 141 ரெண்டும் அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவோட விதிப் பகுதிகள், 141ன்னா எஃப்ஏஏ அங்கீகரிச்ச ஸ்கூல்ல படிக்கறது, 61ன்னா அந்த அங்கீகாரம் தேவையில்லாம, தனி இன்ஸ்ட்ரக்டர்கிட்டகூட படிக்கறது. நான் 61 பக்கம் போனவன், அதனால இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும், இப்பவே சொல்லிடறேன்.

சோலோவுக்கு எஃப்ஏஏ கேக்கறது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். வயசு 16, இங்கிலீஷ், ஸ்டூடண்ட் பைலட் சர்டிஃபிகேட், குறைஞ்சது தேர்ட் கிளாஸ் மெடிக்கல், 61.87 விதில இருக்கற 15 பயிற்சி, இன்ஸ்ட்ரக்டரே வைக்கற எழுத்துப் பரீட்சை, கடைசியா லாக்புக்ல அவர் போடற கையெழுத்து. இத்தனை மணி நேரம் பறந்திருந்தாத்தான் சோலோன்னு விதில எங்கயும் இல்ல, இதைச் சொன்னா பாதிப் பேர் நம்பறதில்ல. 61ல 40 மணி, 141ல 35 மணின்னு சொல்றது பிரைவேட் லைசன்ஸுக்கு, அந்த 5 மணிய மிச்சம் பிடிக்கலாம்னு ஸ்கூல் தேடாதீங்க, மினிமம்லயே முடிக்கறவங்க ரொம்பக் கம்மி.

பரீட்சைய நினைச்சும் பயப்பட வேணாம். உங்க ஏர்போர்ட், அதைச் சுத்தி இருக்கற ஏர்ஸ்பேஸ், நீங்க ஓட்டற விமானம், இதைச் சுத்தியேதான் கேள்வி வரும். ரேடியோ செத்துப் போய் டவர்லேர்ந்து அணையாத பச்சை லைட் காட்டினா என்ன அர்த்தம், செஸ்னா 172எஸ் விமானத்துல இன்ஜின் நின்னா எந்த வேகத்துல கிளைட் பண்ணணும், இந்த மாதிரி. தப்பான பதிலையெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் கூட உக்காந்து விளக்கியே ஆகணும், அதுவும் விதிலயே இருக்கு.

வித்தியாசம் எங்கன்னா, 141ல எஃப்ஏஏ ஒப்புக்கிட்ட சிலபஸ் இருக்கும், பாடம் வரிசையா போகும், சோலோவுக்கு முன்னாடி பெரும்பாலும் வேற ஒருத்தர் ஸ்டேஜ் செக், அதாவது அந்தக் கட்டத்துக்கான சோதனை, எடுப்பார். எம்-1 விசால, அதாவது தொழிற்பயிற்சி மாணவர் விசால, வர்றவங்களுக்கு அனேகமா இதுதான் வழி. எச்-1பில இருந்துக்கிட்டு ஆசைக்குக் கத்துக்கறவங்களுக்கு 61 போதும், இருந்தாலும் உங்க வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ஏர்லைன் வேலைதான் கனவுன்னா 141 கணக்கே வேற, அதுல எனக்கு அனுபவம் இல்ல.

என்னைப் பொறுத்தவரை முடிவு பண்ண வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், இன்ஸ்ட்ரக்டர் கடைசி வரைக்கும் இருப்பாரா. அந்தக் கையெழுத்து 90 நாளைக்குத்தான் செல்லும், அதுவும் ஒரே மேக், மாடலுக்கு, செஸ்னா 172க்கு வாங்கினத வச்சு பைப்பர் வாரியர்ல ஏற முடியாது. நடுவுல ஆள் மாறினா புதுசா வர்றவர், தானே உங்களோட பறந்து பாக்காம போட மாட்டார், போடவும் கூடாது, ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது அவர்தானே. அப்ப ஸ்டால், கோ-அரவுண்ட், ஸ்லிப் மாதிரி பறக்கற பயிற்சியெல்லாம் மறுபடியும் முதல்லேர்ந்து, விமான வாடகை மீட்டர் பாட்டுக்கு ஓடும். பெரிய ஸ்கூல்கள்ல இது சாதாரணமா நடக்கும், ஏன்னா 2009ல நியூயார்க் மாநிலத்துல பஃபலோ பக்கத்துல நடந்த கோல்கன் ஏர் விமான விபத்துக்கு அப்புறம் ஏர்லைன்ல சேர பொதுவா 1500 மணி வேணும்னு ஆயிடுச்சு, அந்த மணியச் சேக்கத்தான் முக்கால்வாசிப் பேர் இன்ஸ்ட்ரக்டரா இருக்காங்க, எண்ணிக்கை முடிஞ்சா கிளம்பிடுவாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. 141லயாவது ரெக்கார்டு தெளிவா இருக்கும், எந்தப் பாடத்துல விட்டாரோ அங்கேர்ந்து எடுக்கலாம். சிலபஸ் இல்லாத 61ல லாக்புக்ல "பேட்டர்ன் வொர்க்"னு (ரன்வேயச் சுத்திச் சுத்தி ஏறி இறங்கிப் பழகறது) ரெண்டு வார்த்தைதான் மிஞ்சும், இது 61ஓட நிஜமான பலவீனம்.

அப்புறம் ஏன் 61ன்னா, ஏர்லைன்ல ரிட்டயராகி ஆசைக்குச் சொல்லித்தர்ற ஒருத்தர் அங்கதான் எனக்குக் கிடைச்சார். ஏர்ஸ்பீடு மீட்டர் மேல ரப்பர் மூடிய ஒட்டிட்டு சத்தத்தை வச்சே இறங்குன்னுவார், டவுன்விண்ட்ல, அதாவது இறங்கறதுக்கு முன்னாடி ரன்வேக்கு இணையா எதிர்த்திசைல போறப்ப, ரன்வே நம்பருக்கு நேரா வந்ததும் பேசாம த்ராட்டில இழுத்து இன்ஜின் பவரக் குறைச்சுட்டு வெளில வேடிக்கை பாப்பார். காத்து சரியில்லாத நாள்ல பாடத்தையே மாத்திடுவார், வரிசைய யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. 141ல படிச்ச நண்பர் ஒருத்தர் எல்லாம் தயாரா இருந்தும் ஸ்டேஜ் செக்குக்கு ஸ்லாட் கிடைக்காம காத்துக்கிட்டு இருந்தார். எல்லா ஸ்கூலும் அப்படின்னு சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. சிட்டிசன் இல்லாதவங்க, கிரீன் கார்டு இருந்தாலும் சரி, பயிற்சிக்கு முன்னாடி டிஎஸ்ஏகிட்ட (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) செக்யூரிட்டி கிளியரன்ஸ் வாங்கணும், நம்மள மாதிரி ஆளுக்கு சொல்லித்தர்றவரும் அவங்க போர்ட்டல்ல பதிஞ்சிருக்கணும். தனியா சொல்லித்தர்ற 61 ஆளுங்க சில பேர் இந்தத் தலைவலியே வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுடுவாங்க. அதனால ஸ்கூலுக்குப் போன் பண்றப்ப விமானம் மணிக்கு எவ்வளவுங்கறத அப்புறம் கேளுங்க, முதல்ல டிஎஸ்ஏல பதிஞ்சிருக்காங்களான்னு கேளுங்க, அடுத்து எனக்கு வரப்போற இன்ஸ்ட்ரக்டர் இதுவரைக்கும் எத்தனை மணி பறந்திருக்கார்னு கேளுங்க. இளம் வயசுப் பையன், 1400னு பதில் வந்தா வேற ஆள் கேளுங்க.