காலில் ஒட்டிய கடல் தார்: மண்ணெண்ணெயா, நல்லெண்ணெயா?

யாழ்ப்பாணத்துக் கசூரினாக் கடற்கரையிலோ மணற்காட்டுக் கடற்கரையிலோ வெறுங்காலோடு நடந்துவிட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால், சிலவேளை கறுப்பாக ஏதோ அப்பியிருக்கும். தேய்த்தால் போகாது, பரவும், கையிலும் ஏறும். வீட்டில் உடனே இரண்டு கட்சி பிரியும். ஐயா மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுவார், அம்மா குசினிக்குள் போவார். நான் அம்மா கட்சி. ஆனால் ஐயா சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

கப்பல்களிலிருந்து கசிந்த எண்ணெய் கடலில் மிதக்க மிதக்க அதன் இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சுவது அலையிலும் வெயிலிலும் இறுகிக் கட்டியாகிக் கரை ஒதுங்குகிறது. கடலடியில் தானாகக் கசியும் எண்ணெய்க்கும் இதே கதிதான். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே பசை. தண்ணீரோடு சேராது, எண்ணெயில்தான் இளகும். அதனால் சவர்க்காரத்தை மட்டும் வைத்து மல்லுக்கட்டுவது வீண். அதன் முறை பிறகுதான் வரும்.

வேகம் என்று பார்த்தால் மண்ணெண்ணெயை எதுவும் வெல்லாது. தாரும் மண்ணெண்ணெயும் ஒரே கச்சா எண்ணெயின் பிள்ளைகள், பழந்துணியில் நனைத்து இழுத்தாலே கரைந்து வந்துவிடும். எஞ்சினுக்கு வைத்திருக்கும் மண்ணெண்ணெயைக் கடற்றொழிலாளர் காலுக்கும் எடுப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் தாரோடு சேர்த்துத் தோலின் எண்ணெய்ப்பசையையும் அது உருவிவிடும். தோல் வறண்டு எரியும். பித்தவெடிப்புள்ள குதிக்காலில் பட்டால் கேட்கவே வேண்டாம். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் போத்தலை வெளியே எடுப்பதே ஆபத்து. சோடா என்று நினைத்துக் குடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, நாங்கள் கால் கழுவும் இடம் கிணற்றடி. யாழ்ப்பாணத்தில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் மண்ணெண்ணெயைக் கிணற்றடியில் கழுவி ஊற்ற எப்படி மனம் வரும்?

பெற்றோலும் தின்னரும் இந்தப் போட்டிக்கே வேண்டாம். தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கேடு.

சரி, குசினிப் பக்கம் வருவோம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டுமே வேலை செய்யும். தடித்த கட்டியை முதலில் ஐஸ்கிறீம் குச்சியால் வழித்து விடுங்கள், கத்தி வேண்டாம். பிறகு தாராளமாகப் பூசி, ஐந்து பத்து நிமிடம் சும்மா விடவேண்டும். நம்மவருக்குப் பொறுமை தப்புவது இங்கேதான்: பூசிய கையோடு தேய்ப்பார்கள், வராது, 'மண்ணெண்ணெயைக் கொண்டா' என்பார்கள். ஊறிய தாரைத் துணியால் வழித்து, மிச்சத்துக்கு இன்னொரு தடவை பூசினால் போதும். மார்கழி, தை விடியலில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும், நல்லெண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. விலையை நினைத்து மனம் வராவிட்டால் வடை சுட்ட மிச்ச எண்ணெயே தாராளம். காலில் வடை மணக்கும், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது மாஜரீன். எண்ணெய் வழிந்தோடிவிடும், மாஜரீன் அப்பிய இடத்திலேயே இருக்கும். விரலிடுக்குக்கும், ஒரு இடத்தில் நில்லாத பிள்ளைகளின் காலுக்கும் அதுதான் சரி. வாஸ்லீனும் அப்படியே. எதைப் பூசினாலும் கடைசியில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இதெல்லாம் கடற்கரையில் ஆறிக் கிடக்கும் தாருக்கு. வீதி வேலையில் கொதிக்கும் தார் பட்டால் உரிக்கவே கூடாது. குளிர்ந்த தண்ணீரை நெடுநேரம் ஓடவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும்.

மண்ணெண்ணெய்க்கு நான் விட்டுக்கொடுக்கும் ஒரே இடம் வள்ளமும் கருவிகளும். றப்பர் செருப்புக்குக்கூட ஐஸ் கட்டி போதும்: குளிரில் தார் விறைத்து, சுரண்டினால் தெறித்துவிடும். தார் துடைத்த துணியைக் கிணற்றடியில் போடாமல் குப்பையில் சேருங்கள். எண்ணெய்க் காலோடு சீமெந்துத் தரையில் ஏறாதீர்கள், வழுக்கும்.